ஆளுமைக் கோளாறும் அறிகைச் சிக்கல்களும்: திருகோணமலை வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உளவளத்துணை வேலை செய்கிறேன். ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு என்று வைத்தியர் சொன்ன பிறகு வீட்டார் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. டவுனில் இருப்பவர்களும் சரி, மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கிளினிக் நாளில் வைத்தியருக்குக் கிடைக்கும் நேரத்தில் இவ்வளவுக்கும் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

வீட்டில் "குணம்", "திமிர்", "நடிப்பு" என்று பெயர் வாங்கும் பல விஷயங்களுக்குப் பின்னால், கண்டதையும் கேட்டதையும் மூளை வாங்கிக்கொள்ளும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தெரிந்தால் வீட்டில் கதைக்கும் முறையே மாறும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

"ஆளுமைக் கோளாறு எண்டா விசரா?"

இல்லை. ஒருவர் தன்னைப் பார்க்கும் விதமும் மற்றவர்களோடு பழகும் விதமும் இளவயதிலிருந்தே நீண்ட காலமாக இறுகிப்போயோ, நிலையில்லாமல் தளம்பிக்கொண்டோ இருந்து, அதனால் அவருடைய வாழ்க்கையோ சுற்றி இருப்பவர்களின் வாழ்க்கையோ கெடும்போதுதான் இந்தப் பெயரைப் பாவிக்கிறார்கள். கோபக்காரர், கூச்சக்காரர், பிடிவாதக்காரர் எல்லோருக்கும் இதை ஒட்டக்கூடாது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்குப் பத்து வகைகள் உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐசிடி-11 அந்த வகைப் பெயர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்க்கிறது. உணர்ச்சியும் உறவும் சடுதியாகத் தளம்பும், கைவிடப்படும் பயம் கூடிய, போர்டர்லைன் எனப்படும் எல்லைநிலைக் கோலத்தை மட்டும் தனியாகக் குறிக்க இடம் வைத்திருக்கிறது. ஒரு வைத்தியர் வகைப் பெயரைச் சொல்லி, இன்னொருவர் "நடுத்தரம்" என்று மட்டும் சொன்னால் குழம்ப வேண்டாம். இரண்டு பேரும் இரண்டு கையேட்டின் பாஷையில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

"மகள் ஏ/எல்-ல மூண்டு ஏ எடுத்தவள். அவளுக்கு 'அறிகைச் சிக்கல்' எண்டு எப்பிடிச் சொல்லலாம்?"

இங்கே படிப்புக் கெட்டித்தனத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அறிகை என்பது கவனிப்பது, ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு யோசிப்பது (இதை வேலை நினைவு என்பார்கள்), வாய்க்கு வந்ததை நிறுத்துவது, ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, பழைய நிகழ்வைத் திரும்ப எடுப்பது, எதிரில் இருப்பவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது எல்லாம் சேர்ந்தது. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளுக்கு முன்னால் இவை ஒழுங்காக வேலை செய்யும். அதே பிள்ளைக்கு, சிநேகிதி ஒரு நாள் கதைக்காமல் போனால் அத்தனையும் குழம்பும்.

எல்லைநிலைக் கோளாறு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு 2005-இல் வெளிவந்தது. கவனம், சிந்தனையை மாற்றிக்கொள்ளும் திறன், கற்றலும் நினைவும், திட்டமிடல், செயலாக்க வேகம் ஆகியவற்றில் இவர்கள் ஒரு குழுவாகப் பார்த்தால் மற்றவர்களை விடக் குறைவாகச் செய்கிறார்கள் என்று அது காட்டியது. குழுவின் சராசரி அப்படி. உங்கள் மகள் அதில் எங்கே நிற்கிறாள் என்பதை அவளைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

"நான் சும்மா இருக்கிறன். என்ர முகத்தைப் பார்த்திட்டு 'ஏன் என்னில கோபம்' எண்டு கேக்கிறான். ஒவ்வொரு நாளும் இதே சண்டை."

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் இதுதான் முதலிடம். எல்லைநிலைக் கோளாறு உள்ள பலர், எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தை மிரட்டலாகவோ வெறுப்பாகவோ வாசிக்கிறார்கள். மூளையில் ஆபத்தை மணக்கும் பகுதியான அமிக்டலா, முகப் படங்களைப் பார்க்கும்போது அவர்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகக் கிளம்புவதை மூளைப் படமெடுக்கும் ஆய்வுகள் பதிந்திருக்கின்றன. நீங்கள் வேலை முடிந்து களைத்து வந்து பேசாமல் இருக்கிறீர்கள். அவருடைய மூளை அதை "இவர் என்னை விட்டுவிடப் போகிறார்" என்று முதலிலேயே மொழிபெயர்த்து முடித்துவிடுகிறது. யோசித்துச் சொன்ன முடிவாக அது இருப்பதில்லை. கண்ட மாத்திரத்திலேயே வந்துவிடுகிறது.

சைபர்போல் என்று ஒரு கணினி விளையாட்டு உண்டு. மூன்று பேர் பந்தை எறிந்து விளையாடுவது போல் இருக்கும். உண்மையில் மற்ற இருவரும் கணினியின் நிரல்கள். பந்து எல்லோருக்கும் சமமாக வந்தபோதும், எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்கள் தங்களை ஒதுக்கியதாக உணர்ந்தார்கள். இதை வாட்ஸ்அப்பில் வைத்துப் பாருங்கள். நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. கட்டாரில் இருக்கும் கணவர் வேலை நேரத்தில் இருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது பின்னால் நிற்க, ஒதுக்கப்பட்ட உணர்வு முன்னால் வந்துவிடுகிறது. முகமும் குரலும் இல்லாத இடத்தில் இந்த இடைவெளியை நிரப்புவது பயம்தான்.

சிலர் இதை விட ஒரு படி மேலே போவார்கள். மற்றவரின் மனதை வாசிக்கத் தெரியாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சி வாசிப்பார்கள். நீங்கள் கதிரையைத் தள்ளி வைத்ததற்குக் கூட ஒரு உள்நோக்கம் கண்டுபிடிப்பார்கள். இளவயதினரில் இது கூடுதலாகத் தெரிகிறது.

"நேற்று நான் தெய்வம், இண்டைக்குப் பேய். இது என்ன மாதிரி மனம்?"

ஒரே ஆளிடம் நல்லதும் கெட்டதும் சேர்ந்து இருக்கின்றன என்ற படத்தை மனதில் பிடித்து வைத்திருப்பதற்கு வேலை நினைவு வேண்டும், சிந்தனையை மாற்றிக்கொள்ளும் திறன் வேண்டும். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது இரண்டும் சுருங்குகின்றன. அப்போது மிஞ்சுவது கறுப்பு அல்லது வெள்ளை. அவர் உங்களைத் திட்டும் நேரத்தில், போன மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கக் கூட இருந்தது அவருக்கு எட்டுவதில்லை. எட்டாததால் அது கணக்கிலும் வராது.

மனநிலைக்கு ஒத்த நினைவுகள் இலகுவாக வரும் என்பது எல்லா மனிதருக்கும் பொதுவானது. சோகமாக இருக்கும்போது எங்களுக்கும் பழைய சோகங்கள்தான் வரிசையாக வரும். இவர்களுக்கு அந்த இழுப்பு பலமாக இருக்கிறது.

"நடந்ததை நடக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணுறாள். பச்சைப் பொய் தானே?"

சில நேரம் பொய்யாகவும் இருக்கலாம். எல்லோரும் சொல்லும் பொய்தான். ஆனால் அதை முதல் விளக்கமாக எடுக்காதீர்கள்.

கடும் மன அழுத்தத்தில் சிலருக்குப் பிரிகை நிலை வரும். உடம்பு அங்கே இருக்கும், தான் தூரத்தில் நிற்பது போல் இருக்கும், சத்தங்கள் மங்கும். டிஎஸ்எம்-5 எல்லைநிலைக் கோளாறுக்குக் கொடுக்கும் ஒன்பது அறிகுறிகளில் இதுவும் ஒன்று. அந்த நேரத்தில் கவனம் போய்விடுவதால் நடந்தது ஒழுங்காகப் பதிவதே இல்லை. பதியாத ஒன்றை மறுநாள் திரும்ப எடுக்க முடியாது. அவளிடம் இருப்பது உணர்ச்சியின் தடம் மட்டும். "நீங்கள் என்னை அவமானப்படுத்தினீங்கள்" என்பது உறுதியாக நினைவிருக்கும், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது இருக்காது. அப்புறம் அந்த இடைவெளியை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும், அவளும் அதை உண்மையாகவே நம்புவாள். சத்தியம் பண்ணச் சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி விசாரிப்பதால் எதுவும் தெளியாது.

"கந்தோரில தங்கமான ஆள் எண்டு சொல்லுறாங்கள். வீட்டுக்கு வந்தா மட்டும் இந்தக் கூத்து. அப்ப நடிப்பு தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் கூடுதலாக நேரம் எடுத்துப் பதில் சொல்வது. "ஏலுமெண்டா செய்யிறார்தானே" என்ற முடிவு எத்தனையோ வீடுகளை உடைத்திருக்கிறது. அந்த முடிவு பிழை.

இந்தச் சிக்கல்கள் எந்த நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. உணர்ச்சியின் பாரம் ஏற ஏற அவையும் ஏறும். அமைதியான அறையில் கொடுக்கும் சோதனையில் நன்றாகச் செய்பவரே, கைவிடப்படுதல், அவமானம் போன்ற விஷயங்களை உள்ளே கொண்டுவந்தவுடன் பிழை விடத் தொடங்குவார். தைப்பொங்கலுக்கு முதல் நாள் சந்தைச் சனத்துக்குள் நிற்கும்போது யாரோ ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டுச் சண்டை அவருக்கு அந்தச் சந்தை. கந்தோரில் உறவுகள் மேலோட்டமானவை, விதிகள் தெளிவானவை, யாரும் அவரை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் இல்லை. மிக நெருக்கமானவர்களிடம்தான் பாரம் உச்சம். அதனால்தான் அம்மாவும் மனைவியும் கணவனும் கூடுதலாக அடிபடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பகல் முழுக்கத் தன்னை அடக்கிப் பிடித்திருப்பதும் ஒரு வேலைதான். மாலையில் வீட்டு வாசலுக்கு வரும்போது அந்தப் பிடி தளர்ந்திருக்கும்.

"எங்கட வாப்பா எல்லாம் தான் சொல்லுற ஒழுங்கில நடக்கோணும் எண்டு நிக்கிறவர். ஒரு சாமான் இடம் மாறினாலும் வீடு ரெண்டுபடும். இதுவும் அதே வருத்தமா?"

பெயர் ஒன்றாக இருந்தாலும் வகைக்கு வகை சிக்கல் வேறு. ஒழுங்கிலும் பூரணத்திலும் இறுகிப்போன வகையை நிர்ப்பந்த ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓசிடி என்ற நோயும் இதுவும் வேறு வேறு. இங்கே பிரதான சிக்கல் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற முடியாமை. சிறு விபரம் முழுப் படத்தையும் மறைத்துவிடும். ஆனால் அவசரப்படாமல், பின்னால் வரும் பெரிய பலனுக்காகக் காத்திருப்பதில் இவர்கள் மற்றவர்களை விடக் கெட்டிக்காரர்கள் என்று ஒரு ஆய்வு கண்டிருக்கிறது. எல்லைநிலைக்கு இது நேர் எதிர். வாப்பாவிடம் மாற்றத்தைத் திடீரென்று வைக்காமல் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது ஒன்றே உதவுகிறது.

சந்தேக வகையில், தெளிவில்லாத ஒரு சம்பவத்துக்குக் கெட்ட நோக்கத்தையே முதலில் ஒட்டுவார்கள், மாற்று விளக்கத்தைத் தேட நிற்க மாட்டார்கள். எண்ணமும் நடத்தையும் விசித்திரமாக இருக்கும் ஸ்கிசோடைப்பல் எனப்படும் வகையில் வேலை நினைவும் கவனமும் பலவீனமாக இருப்பது ஆய்வுகளில் தொடர்ந்து வருகிறது. மனச்சிதைவு நோயான ஸ்கிசோஃப்ரேனியாவில் காணும் சிக்கல்களின் மெல்லிய வடிவம் என்று சொல்லலாம். ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆட்களைத் தவிர்க்கும் வகையில், கூட்டத்தில் பத்துப் பேர் சிரித்தாலும் முகம் சுளித்த ஒருவரில்தான் கண் போய் நிற்கும். தன்மோக வகையில் மற்றவர் என்ன உணர்கிறார் என்று விளங்கும், ஆனால் அது மனதைத் தொடாது. சமூகவிரோத வகையில், குறிப்பாகக் குற்றவுணர்வே இல்லாத சிலரில், ஒரு குறியில் மனம் போய்விட்டால் பக்கத்தில் வரும் எச்சரிக்கை உள்ளே ஏறாது. தண்டனை வந்தாலும் பாடம் படிவதில்லை. "எத்தனை அடி வாங்கினாலும் திருந்தமாட்டான்" என்று ஊர் சொல்வதில் இந்த உண்மை ஒளிந்திருக்கிறது. அடித்துத் திருத்துவது ஏன் தோற்கிறது என்பதற்கும் இதுதான் விளக்கம்.

"எது முதல்ல? மூளைச் சிக்கல் வந்து குணம் மாறினதா, குணத்தால மூளை குழம்பினதா?"

இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சிறு வயதிலேயே உணர்ச்சி வேகம் கூடிய பிள்ளை. பரம்பரைக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. அந்தப் பிள்ளை தன் உணர்ச்சியை அடக்கப் பழகுவதற்கு அமைதியான பெரியவர் ஒருவர் தேவை. அவர் இல்லாவிட்டால், அல்லது அழுகைக்கு அடியே பதிலாக வந்தால், பிள்ளையின் கவனம் முழுக்க ஆபத்தைத் தேடுவதில் பழகிவிடும். முகம் வாசிப்பது பற்றி மேலே சொன்ன வேகம் அங்கே ஒரு பாதுகாப்பாகத்தான் தொடங்கியிருக்கும். குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடிச் சத்தத்திலேயே அன்றைய இரவைக் கணித்த பிள்ளைக்கு அது உயிர் காத்த திறமை. இருபது வருடம் கழித்து, அன்பான கணவனின் காலடிக்கும் அதே கணிப்பு வருவதுதான் துன்பம்.

பிறகு வட்டம் சுழலும். பிழையாக வாசிக்கிறார், சண்டை வருகிறது, ஆட்கள் உண்மையிலேயே விலகுகிறார்கள், பயம் உறுதியாகிறது. நித்திரை கெடுகிறது. நித்திரை கெட்டால் யாருக்கும் கவனமும் பொறுமையும் கெடும். மனச்சோர்வும் கூடச் சேர்ந்தால் நினைவும் மந்தமாகும். இதில் எங்கே கை வைத்தாலும் வட்டம் கொஞ்சம் மெதுவாகும். அதனால் தொடக்கத்தைத் தேடிக் களைப்பதை விட, நித்திரையைச் சரிசெய்வது போல இன்று முடியக்கூடிய ஒன்றில் தொடங்குவதே என் பழக்கம்.

"யுத்தம், சுனாமி, முகாம் எல்லாம் கண்ட சனம் நாங்கள். அப்ப எல்லாருக்கும் வந்திருக்கோணுமே?"

2004 டிசம்பர் 26-ஐயும் 2006-இல் மூதூர், சம்பூர் பக்கத்து இடப்பெயர்வையும் சிறு வயதில் கண்டவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆளுமைக் கோளாறு இல்லை. பெரும் அனர்த்தத்தை விட, வீட்டுக்குள் வருடக்கணக்கில் நடக்கும் துன்புறுத்தலும் புறக்கணிப்பும்தான் இதோடு நெருங்கிய தொடர்புடையவை. முகாமில் இருந்தாலும் அம்மம்மாவின் மடி இருந்த பிள்ளைக்கு ஒரு காவல் இருந்தது. எதிர்ப்பக்கமாக, எந்தத் துன்புறுத்தலும் இல்லாத நல்ல வீட்டிலும் இது வருகிறது. அதனால் நோய்ப் பெயரைக் கேட்டவுடன் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

"இது ஏடிஎச்டி இல்லை, தலையில அடிபட்டதால இல்லை எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?"

எது எப்போது தொடங்கியது என்று வைத்தியர்கள் கேட்பார்கள். கவனக்குறைவும் துருதுருப்பும் ஆரம்பப் பாடசாலைக் காலத்திலிருந்தே, உணர்ச்சியோடு சம்பந்தமில்லாமல், வீட்டுப்பாடத்திலும் விளையாட்டிலும் இருந்தால் ஏடிஎச்டி பக்கம் யோசிப்பார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் சாதாரணம். அப்போது கவனத்துக்கான சிகிச்சை மற்றதையும் கொஞ்சம் இலகுவாக்கலாம்.

நாற்பது வயது வரை அமைதியாக இருந்தவர் திடீரென்று மாறினால் ஆளுமைக் கோளாறு என்று முடிவு கட்டவே கூடாது. மோட்டார் சைக்கிள் விபத்து, தலைக்குள் கட்டி, தைரொயிட், வலிப்பு, மதுப் பழக்கம், மறதி நோயின் தொடக்கம் எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். 1848-இல் அமெரிக்க ரயில்பாதை வேலையில் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துப் போன பினியஸ் கேஜ் உயிர் பிழைத்தார், ஆனால் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கும் தன்னடக்கத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் யோசிக்கத் தொடங்கியது இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான். ஹெல்மட் போடாமல் விழுந்த தம்பிமாரைப் பற்றி வீட்டார் கேட்கும்போது இதைச் சொல்வதுண்டு.

"ஸ்கேன் எடுத்தா தெரியாதா?"

தெரியாது. ஆய்வுகளில் வரும் மூளைப் படங்கள் குழுக்களை ஒப்பிடுபவை. ஒரு ஆளின் ஸ்கேனைப் பார்த்து ஆளுமைக் கோளாறு என்று சொல்ல முடியாது. வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்தவே ஸ்கேன் எழுதுவார்கள்.

அறிகைச் சோதனைகள் உண்டு. பச்சை நிறத்தில் "சிவப்பு" என்று எழுதியிருக்கும், எழுத்தை வாசிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935-இலிருந்து பாவிக்கப்படும் ஸ்ட்ரூப் சோதனை இதுதான். வந்த பதிலை நிறுத்தும் திறனை அளக்கிறது. இவை எங்கே பலவீனம் என்று காட்டும், நோய்ப் பெயரைத் தராது. கந்தோர் பற்றிய கேள்வியில் சொன்ன காரணத்தால், அமைதியான அறையில் எடுத்த நல்ல புள்ளி வீட்டில் நடப்பதைப் பொய்யாக்காது.

"குளிசை குடிச்சா மாறுமா?"

ஆளுமைக் கோளாறை மாற்றும் குளிசை இல்லை. எல்லைநிலைக் கோளாறுக்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-இலேயே வழிகாட்டியது. கூட வரும் மனச்சோர்வு, பதற்றம், நித்திரையின்மைக்கு வைத்தியர் மருந்து எழுதலாம். அவற்றைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பார்மசியில் தெரிந்தவரிடம் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சில வகைகள் கவனத்தை மந்தமாக்குவதோடு, இருக்கும் கொஞ்சத் தன்னடக்கத்தையும் கழற்றிவிடும்.

வேலை செய்வது பேச்சுச் சிகிச்சை. அமெரிக்காவில் மார்ஷா லினெஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் கவனத்தை ஒரே விஷயத்தில் நிறுத்தவும், உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும், உச்சத்தைத் தாண்டவும் பயிற்சி உண்டு. முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நனைப்பது போன்ற மிக எளிய வழிகளும் அதில் அடங்கும். லண்டனில் பேட்மனும் ஃபோனகியும் வளர்த்த இன்னொரு முறையில், "அவர் அப்படிச் செய்ததற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்று நின்று யோசிக்கும் பழக்கத்தை வளர்க்கிறார்கள். முகம் வாசிக்கும் சிக்கலுக்கு நேரடி மருந்து என்றால் இதுதான். இம்முறைகளை முழுமையாகத் தரும் இடங்கள் எங்கள் பக்கத்தில் அரிது. ஆனால் அவற்றின் பல பகுதிகளை உளவளத்துணையில் செய்யலாம், நாங்கள் செய்கிறோம்.

நல்ல செய்தியும் உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லைநிலைக் கோளாறோடு வைத்தியசாலையில் இருந்த 290 பேரை 1992 முதல் அமெரிக்காவின் மக்லீன் வைத்தியசாலை ஆய்வு பின்தொடர்ந்தது. பத்து வருடத்துக்குள் 93 வீதமானோருக்கு, குறைந்தது இரண்டு வருடம் தொடர்ச்சியாக அறிகுறிகள் நோய்ப் பெயருக்குப் போதாத அளவுக்குக் குறைந்தன. அறிகுறி குறைவதோடு வேலையும் உறவும் நன்றாக நிலைப்பது அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே கிடைத்தது. "பிறவிக்குணம் மாறாது" என்பது இந்த விஷயத்தில் உண்மை இல்லை.

"மாமி இது செய்வினை எண்டு நிக்கிறா. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ?"

தாராளமாகப் போங்கள். கோணேசர் கோயிலிலோ பத்திரகாளி அம்மன் சந்நிதியிலோ பள்ளியிலோ மாதா கோயிலிலோ மனம் அமைதியானால் அது நன்மை. அடித்தல், பட்டினி போடுதல், கட்டி வைத்தல் இருந்தால் மட்டும் வேண்டாம். கிளினிக் திகதியையும் விடாதீர்கள். மாமியோடு வாதாடுவதை விட, அவரையும் ஒரு நாள் கிளினிக்குக் கூட்டி வருவது பலன் தரும்.

"அப்ப வீட்டில எப்பிடித்தான் கதைக்கிறது?"

முகத்தை வாயால் சொல்லுங்கள். "நான் களைச்சுப் போய் வந்திருக்கிறன், உன்னில கோபம் இல்லை" என்று ஒரு வசனம் போதும். பேசாமல் கல்லாக இருப்பதுதான் இவர்களுக்கு மிகக் கொடுமையானது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும், சின்ன வசனங்களில். பழைய கணக்குகளை அதோடு சேர்க்க வேண்டாம்.

உச்சத்தில் எது உண்மை என்று வாதிடாதீர்கள். முதலில் உணர்ச்சியை ஏற்றுக்கொள்ளுங்கள்: "உனக்கு அது நல்லா நொந்து போச்சு." அவர் சொல்லும் சம்பவத்தை ஒத்துக்கொண்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. பிறகு "இரவு சாப்பிட்டாப் பிறகு கதைப்பம்" என்று நேரம் குறியுங்கள், குறித்தால் கட்டாயம் கதையுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றாவிட்டால் அடுத்த முறை அவர் காத்திருக்க மாட்டார். முக்கிய முடிவுகளைக் கடதாசியில் எழுதி வையுங்கள். நினைவு பற்றி மேலே சொன்ன சண்டைகள் பாதியாவது குறையும்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை பெரிதானால் சித்தப்பா, பெரியம்மா, மாமா எல்லோரும் ஹோலில் கூடி ஆளை நடுவில் இருத்தி விசாரிப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் எட்டு முகம், எட்டுக் குரல், எட்டுக் குற்றச்சாட்டு. முகமே சிக்கலாக இருக்கும் ஒருவருக்கு இதை விடப் பெரிய பாரம் இல்லை. அந்தக் கூட்டங்களுக்குப் பிறகுதான் பலர் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் கதையுங்கள், அவர் நம்பும் ஒருவர்.

"சாகப் போறன் எண்டு எத்தினையோ தரம் சொல்லிட்டா. கவனம் எடுக்கத்தானே?"

ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே எடுங்கள். எல்லைநிலைக் கோளாறில் தற்கொலையால் இறக்கும் ஆபத்து பொதுமக்களை விடப் பல மடங்கு அதிகம், முதல் தடவை சொன்னவருக்கும் பத்தாவது தடவை சொன்னவருக்கும். உச்சத்தில் "இது கடந்து போகும்" என்ற எண்ணமே மனதில் நிற்காது. வேலை நினைவு சுருங்குவது பற்றிச் சொன்னேனே, அதன் மிக ஆபத்தான முகம் இது. "சாக யோசிக்கிறியா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. கிருமிநாசினி, குளிசைகளை வீட்டில் எட்டாத இடத்தில் பூட்டுங்கள். தனியே விடாதீர்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கமும் உண்டு. விஷம் குடித்திருந்தால், காயம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998-இலிருந்து குற்றம் இல்லை.

"மூளைச் சிக்கல் எண்டா, அடிச்சாலும் நான் பொறுக்கோணுமா?"

வேண்டாம். ஏன் நடக்கிறது என்று விளங்குவது ஒன்று, நடப்பதைச் சகிப்பது இன்னொன்று. உச்சத்தில் அவருக்கு யோசனை சுருங்குவது உண்மை. அமைதியான நேரத்தில் சிகிச்சைக்குப் போவதும், கோபம் ஏறும்போது வெளியே நடந்துவிட்டு வரப் பழகுவதும் அவருடைய பொறுப்பு என்பதும் உண்மை. எல்லையை அமைதியான நேரத்தில், சின்னதாக, தெளிவாகச் சொல்லுங்கள்: "கை நீட்டினா நான் பிள்ளையளோட அக்கா வீட்டை போவன்." சொன்னதை ஒவ்வொரு முறையும் அதே மாதிரிச் செய்யுங்கள். ஒரு நாள் போய், ஒரு நாள் விட்டால், எது விதி என்று அவருடைய மனதுக்கும் பிடிபடாது.

ஆபத்து என்றால் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. நோயாளியின் வைத்தியரிடமும் அடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குடும்ப மானம் என்று மறைத்தால் அவருக்கும் சரியான சிகிச்சை கிடைக்காது.

"இதை வாசிக்க வாசிக்க என்னைப் பற்றி எழுதின மாதிரிக் கிடக்கு. நான் என்ன செய்யிறது?"

இதில் சிலதாவது எல்லோருக்கும் பொருந்தும். வாசித்து நீங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இவை உங்கள் உறவுகளையும் வேலையையும் திரும்பத் திரும்பக் குழப்புகின்றன என்றால் வாருங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தில் இருந்தால் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் முதலில் விசாரியுங்கள், பஸ் செலவு மிஞ்சும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். மேலே சொன்ன மார்ஷா லினெஹன், தான் இளம் வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வைத்தியசாலையில் நீண்ட காலம் இருந்தவர் என்பதை 2011-இல் பகிரங்கமாகச் சொன்னார். மற்றவர்களுக்கு உதவும் சிகிச்சையை உருவாக்கியவரே உங்கள் இடத்திலிருந்து வந்தவர்தான்.

வரும் முன் ஒரு கொப்பியில் மூன்று நான்கு சம்பவங்களை எழுதுங்கள்: என்ன நடந்தது, அந்த நேரம் என்ன நினைத்தீர்கள், முதல் நாள் எத்தனை மணி நேரம் நித்திரை கொண்டீர்கள், இப்போது யோசித்தால் வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம். கிளினிக்கில் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும் என்பதால் அந்தக் கொப்பியை அப்படியே வைத்தியரிடம் நீட்டினாலே போதும். குடிக்கும் குளிசைகளின் பெட்டிகளையும், தலையில் எப்போதாவது அடிபட்டிருந்தால் அந்த ஆஸ்பத்திரித் துண்டையும் கூடக் கொண்டு வாருங்கள்.